வெண்ணெய்க்கும் ஈக்கும் பிறந்த சொல்

முன்னொரு காலத்தில், சண்டை போட எதிரியே கிடைக்காத ஒரு நாட்டில், குலசூடாமணி என்றொரு ராஜா இருந்தார். பொழுது போகாமல் கண்டதற்கெல்லாம் குலம் கோத்திரம் விசாரிப்பார். அரண்மனைப் பூனையின் பாட்டனார் யாரென்று கேட்டு, மந்திரியை மாதக்கணக்கில் அலையவிட்டவர்.

மிளகு வாங்க வந்த ஆங்கிலேய வணிகன் ஒருவன், சபைக்குள் பறந்து வந்த வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து, "பட்டர்ஃபிளை!" என்றான். போதாதா?

"அப்படியென்றால்?" என்றார் ராஜா.

"பட்டர் என்றால் வெண்ணெய், ஃபிளை என்றால் ஈ, மகாராஜா."

"இரண்டும் எப்படிச் சம்பந்தம் செய்துகொண்டன?"

"எங்கள் ஊரிலேயே யாருக்கும் தெரியாது. என் மிளகு..."

"மிளகு கிடக்கட்டும்!"

சபை பெருமூச்சு விட்டது. விகடகவி தாண்டவனைக் கண்டாலே ஆகாத ஆபத்சகாயப் பண்டிதர் எழுந்தார். "பிரபு, அந்தச் சொல்லின் மூதாதையரைத் தாண்டவன் நாளை சபைக்கே அழைத்து வரட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

'என் கொள்ளுப்பாட்டன் பேரே எனக்குத் தெரியாது. இதில் கடல் கடந்து வந்த சொல்லுக்கு வேறா?' என்று தலையில் அடித்துக்கொண்டே தாண்டவன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் அவன் ஒரு பானையைத் தோளில் சுமந்து வந்தான். சபை நடுவே வாழை இலை விரித்து, பானை வெண்ணெயை அதில் கவிழ்த்தான். சித்திரை வெக்கையில் வெண்ணெய் உருகி வழிந்தது. ஈக்கள் வந்து மொய்த்தன. இலையில், சிம்மாசனத்தில், பண்டிதரின் மூக்கில்.

"என்ன கண்றாவி இது?" ராஜா விசிறியைப் பிடுங்கித் தாமே வீசினார்.

"சொல்லின் மூதாதையர், பிரபு. தாய்வழி இலையில் இருக்கிறது. தந்தைவழி இப்போதுதான் வந்து சேர்ந்தது. சம்பந்தமும் கண்ணெதிரே நடக்கிறது."

"புளுகு!" என்று சீறினார் பண்டிதர். "இந்த ஈக்கள்தான் மூதாதையர் என்பதற்கு என்ன சாட்சி?"

"போன அமாவாசைக்கு நீர் இலையில் சோறு வைத்தீர். காக்கை கொத்தியதும் 'அப்பா வந்துவிட்டார்' என்று கண் கலங்கினீர். அந்தக் காக்கையிடம் சாட்சி கேட்டீரா, பண்டிதரே? நானும் இலை போட்டேன். வந்து சாப்பிடுகிறார்கள்."

பண்டிதர் வாய் திறந்தார். ஈ ஒன்று உள்ளே போகப் பார்த்ததும் மூடிக்கொண்டார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கேள் தாண்டவா, என்ன வேண்டும்?"

தாண்டவன் மூலையில் காத்திருந்த வணிகனைக் காட்டினான். "இவருக்கு மிளகைக் கொடுத்து, இன்னொரு சொல் சொல்வதற்குள் கப்பலேற்றிவிடுங்கள், பிரபு."

"ஆமாம், பிரபு!" என்றது சபை மொத்தமும், பண்டிதர் உட்பட.

ராஜா இன்னும் உரக்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். வெண்ணெய்ப் பானை உரசிய கழுத்தல்லவா? ஈக்கள் அங்கேயும் உறவு கொண்டாட வந்துவிட்டன.