உடுப்பின் கைக்குள் ஒரு ராணி

குழந்தைகளே, முதலில் ஒரு புதிர். ஒரு வீட்டில் ராஜாவும் ராணியும் இருக்கிறார்கள். வருஷத்தில் சில நாள் மட்டும் படியேறி உட்காருவார்கள். மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள் தூக்கம். பலகாரம் வைத்தால் தொடவே மாட்டார்கள். யார் அவர்கள்?

சொல்லிவிட்டீர்களே! பொம்மைகள்தான். நாம் நவராத்திரிக்குக் கொலு வைப்பதுபோல, ஜப்பான் தேசத்தில் பீச் மரம் பூக்கும் காலத்தில் பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் பொம்மை அடுக்குவார்கள். பண்டிகைக்கு மறுநாளே அவற்றைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

வெகு காலத்துக்கு முன் அந்தத் தேசத்தில், ஓர் ஆற்றங்கரையில், நவோ என்ற பெண்ணும் அவள் தங்கை சுசுவும் தாயோடு வாழ்ந்தார்கள். சுசுவுக்குத் தலை வாரிவிடுவது அக்கா. மீனில் முள் எடுத்துக் கொடுப்பது அக்கா. இடி இடித்தால் அவள் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வதும் அக்காவிடம்தான்.

அந்த ஆற்றில் படகு ஓட்டியவன் இசாகு. நவோ ஏறினால் அவன் படகு மெதுவாகப் போகும்.

"என்னப்பா இசாகு, இன்றைக்கு மட்டும் ஆறு அகலமாகிவிட்டதா?" என்று படகில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள். இசாகுவின் காது சிவந்துபோகும். நவோ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பொம்மைப் பண்டிகைக்கு மறுநாள், இசாகு தன் தாயோடு பெண் கேட்க வருவதாகச் செய்தி வந்தது. கல்யாணமானால் அக்கா அக்கரைக்குப் போய்விடுவாள். சுசு யோசித்தாள். பொம்மைகளைப் பெட்டியில் வைக்க முடியாமல் போனால்?

அவர்கள் வரும் நாள் காலை, யாரும் பார்க்காதபோது ராணிப் பொம்மையை எடுத்தாள். அந்த ஊர் உடுப்பின் கை, பைபோல ஆழமாகத் தொங்கும். அதற்குள் போட்டுக்கொண்டாள்.

"சுசு, ராணி எங்கேயடி?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியாது."

"கண்ணு, நீ பார்த்தாயா?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியாது."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இசாகு சிரித்தான். "ராணியைக் காணோமாமே! என் படகில் ஏறி ஓடிவிட்டாளோ? உனக்குத் தெரியுமா, சின்னவளே?"

"தெரியாது."

ஒவ்வொரு தடவையும் பொம்மை கூடுதலாகக் கனத்தது.

வந்தவர்களை எல்லோரும் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து வணங்கினார்கள். சுசு மட்டும் பாதிதான் குனிந்தாள். இன்னும் குனிந்தால் பொம்மை தரையில் தட்டுமே! அதை நவோ பார்த்துவிட்டாள். அவள் பார்வை தங்கையின் உடுப்புக் கையில் ஒரு கணம் நின்றது. சுசுவின் முகம் தீயாய் எரிந்தது.

இசாகுவின் தாய் படிகளைப் பார்த்தாள். "பொம்மைகளை ஏன் இன்னும் எடுத்து வைக்கவில்லை? ராஜா தனியாக உட்கார்ந்திருக்கிறாரே. ராணியைத் தொலைத்தது யார்?"

"நான்தான் அம்மா," என்றாள் நவோ. "தூசி தட்டும்போது எங்கேயோ வைத்துவிட்டேன்."

"ஒரு பொம்மையைப் பத்திரமாக வைக்கத் தெரியாதவளை நம்பி என் வீட்டை எப்படி விடுவது? எழுந்திரு, இசாகு."

இசாகு நவோவைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. அவன் தாயின் பின்னால் மெல்ல நடந்தான்.

நவோ தங்கையைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. விரிப்பில் நவோவின் கண்ணீர் விழுந்த ஈரத்தைச் சுசு பார்த்தாள். அக்காவின் பக்கத்தில் உட்காரவே அவளுக்குக் கூசியது.

குழந்தைகளே, நம்மேல் அன்பு வைத்தவர் நம் தவறைத் தன் தலையில் சுமந்தால், அதை இறக்கி வைக்க வேண்டியவர் நாம்தான்.

வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் சுசு வாசலுக்கு ஓடினாள். இசாகுவின் தாய்க்கு முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள். பொம்மை தரையில் தட்டியது.