பதினோராவது விளக்கு

"என் வேலையில என்ன குத்தம்? அதைச் சொல்லாம இன்னைக்கு இந்தச் சூளையை விட்டு நான் நகரப்போறதில்ல."

தவசிமுத்து பதினோராவது பீங்கான் விளக்கை மேசைமேல் ஓசைப்பட வைத்தார். பழைய இரும்பு வாங்கி விற்று, பேரத்தில் யாருக்கும் மசியாமல் மேலே வந்த மனுஷன். ஐம்பது தாண்டித்தான் மண்ணைத் தொட்டார். கற்றுக்கொடுக்கும் ரெஜினாவுக்கு அவர் மகள் வயது.

"யாரு அண்ணாச்சி குத்தம் சொன்னது?"

"என் வீட்டுக்காரிதான். கார்த்திகையில படுத்தவ, இன்னும் எந்திரிக்கல. இருட்டறையில கெடக்காளேன்னு விளக்கு செஞ்சு கட்டிலுக்கு மேல மாட்டுதேன். போட்ட ஒடனே 'அணைச்சிருங்க'ங்கா. பூ செதுக்கினேன். அணைச்சிருங்க. வெத்தல கணக்கா மெல்லிசா இழைச்சேன். அணைச்சிருங்க. ஏன்ட்டின்னு சத்தம் போட்டா வாயத் தெறக்க மாட்டா."

ரெஜினா விளக்கைத் தூக்கி நகத்தால் சுண்டினாள். கிண்ணென்றது.

"வேலை சுத்தம்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்! இதையும் அவ வேண்டாம்னா, சத்தியமா இனி மண்ணைத் தொட மாட்டேன்."

"மாட்டினப்புறம் எங்க நின்னு பாப்பீங்க?"

"எதுக்க நின்னு பாப்பேன். சுத்திச் சுத்தி வந்து பாப்பேன்."

ரெஜினா கை கழுவினாள்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

உள்ளறைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். தவசிமுத்து விளக்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். சுவரெல்லாம் இலை இலையாய் வெளிச்சம் விழுந்தது. அவருக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

கட்டிலில் கிடந்த பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அணைச்சிருங்க."

"கேட்டீங்களா டீச்சர்! இவளுக்கு நான் எதைச் செஞ்சாலும் ஆகாது."

"அண்ணாச்சி, மதினி பக்கத்துல படுங்க."

"என்னது?"

"படுங்க."

"பொம்பளப் புள்ள முன்னால இது என்ன கூத்து?"

"நான் விளக்கைப் பாக்க வந்தவ. படுங்க."

முனகிக்கொண்டே கட்டிலின் ஓரத்தில் சாய்ந்தார். பேச்சியம்மாள் தலையை நகர்த்தித் தலையணையில் பாதியைக் கொடுத்தாள்.

விளக்கின் அடி திறந்து கிடந்தது. பல்பு நேரே கண்ணுக்குள் இறங்கியது.

ரெஜினா கட்டிலருகே வந்து அவர்மேல் குனிந்தாள்.

"என் முகம் தெரியுதா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கூசும் வெளிச்சத்துக்கு நடுவே கறுப்பாய் ஒரு தலை.

"எங்க தெரியுது? கரிக்கட்டைல்லா நிக்குது."



பக்கத்திலிருந்து, காதோரமாய், பேச்சியம்மாளின் குரல் வந்தது.

"அணைச்சா, உங்க மொகம் கொஞ்சம் தெரியும்."