செருப்பு விடும் இடம்

மங்கையர்க்கரசியிடம் கேள்வி கேட்க மாணவர்கள் தயங்குவார்கள். கேட்டால் பதில் வராது. வேறு ஏதாவது வரும்.

அவர் கட்டடக்கலைக் கல்லூரியில் ஐந்தாம் ஆண்டுக்குப் பாடம் நடத்தினார். வயது முப்பத்தொன்பது. வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். "என் வயசுக்கு ஒரு ஆள் குறையுது" என்று வருடத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை சிரித்தார். பிறகு யாரும் அவர் சிரித்துப் பார்க்கவில்லை.

கடைசி வருடத்துக்கு ஒரே வேலைதான். பக்கத்துத் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் பெண்கள் அறுபத்து நான்கு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத்துக்கு இருபத்தேழு சென்ட் நிலம் இருந்தது. அதில் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும், பேசாமல் உட்காரவும் ஓர் இடம் வேண்டும் என்று கல்லூரிக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். அதை ஒவ்வொரு மாணவரும் வரைந்து, மாதிரி செய்து, மூன்று முறை பார்வைக்கு வைக்க வேண்டும். மூன்றாவது முறையும் தேறாவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

வகுப்பில் ஜெசிந்தா என்று ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்து ஊர். கை சுத்தம், கோடு சுத்தம். அவள்தான் துணிந்து கேட்டாள்.

"மேடம், கூடிப் பேசுற இடத்தை வரைஞ்சிட்டேன். அமைதியை எங்க வரையிறது?"

மங்கையர்க்கரசி அவள் வரைந்த தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"முதல் பார்வைக்கு வா" என்றார்.

ஜெசிந்தா பத்தொன்பது நாள் அட்டை வெட்டினாள். வட்டமாக ஒரு மண்டபம், மேலே குவிந்த கூரை, கூரையின் உச்சியில் ஒரு துளை. துளை வழியே இறங்கும் வெளிச்சம் நடுவில் ஒரு கல்லின் மேல் விழும். சுற்றிலும் நீர். நீருக்கு நீலக் கண்ணாடித்தாள் வைத்திருந்தாள். மற்ற முப்பத்தேழு பேரும் வந்து ஒரு தரமாவது குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மங்கையர்க்கரசி வந்தார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றினார். பழுப்பு நிறச் செருப்பு, இடது வார் மட்டும் நீல நூலால் தைத்தது. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு மாதிரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கூரையைப் பார்க்கவில்லை. வெளிச்சத்தையும் பார்க்கவில்லை. மாதிரியின் வாசல் பக்கம் வந்து நின்றார்.

"இதை எங்க விடட்டும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"தண்ணியிலதான் மேடம், வேற இடமே இல்ல" என்றான் பின்வரிசை ரோஷன்.

ஜெசிந்தாவின் காது சிவந்தது. அவள் ஊர் மாதா கோயிலில் செருப்பைக் கழற்றும் வழக்கம் இல்லை. அதனால் பத்தொன்பது நாளில் ஒரு நாள்கூட அவளுக்கு அது தோன்றவில்லை.

தாளில் மங்கையர்க்கரசி, திரும்பச் செய்து வா என்பதை ஒரே சொல்லில் எழுதினார். ரீடூ.

இரண்டாம் பார்வைக்கு ஜெசிந்தா வாசலில் ஓர் அலமாரி வைத்துக்கொண்டு வந்தாள். அட்டையில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் அரிசி அளவில் ஒரு ஜோடி செருப்பு.

"எத்தனை?"

"நூத்தியெட்டு, மேடம்."

"ஏன் நூத்தியெட்டு?"

"தியானம் பண்ற இடம்ல, மேடம்."

"பெண்கள் எத்தனை பேர்?"

"அறுபத்து நாலு."

"மீதி நாப்பத்து நாலு ஜோடி யாருது?"

ரோஷன் வாயைத் திறந்தான். மங்கையர்க்கரசி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"செருப்பை யாரு பாத்துக்குவா?"

"ஒரு காவலாளி போடலாம், மேடம். டோக்கன் குடுக்கலாம்."

"அவரு எப்ப உள்ள வருவாரு?"

மறுபடியும் ரீடூ.

படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அழுததைத் தோழிகள் இருவர் பார்த்தார்கள். "மேடத்துக்கு உன் மேல என்ன காண்டோ தெரியல. கட்டடம் வரையச் சொன்னா செருப்பைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாங்க" என்றாள் ஒருத்தி.

ஜெசிந்தா கண்ணைத் துடைத்தாள். "அவங்க கையில பிடிச்சிருந்தாங்களே, பாத்தியா? கையில செருப்பு இருந்த வரைக்கும் என் மண்டபத்தை ஒரு தரம்கூட நிமிர்ந்து பாக்கல" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கல்லூரி இருக்கும் ஊரின் பெரிய கோயில் வாசலுக்குப் போனாள். அங்கே செருப்பு பார்த்துக்கொள்பவள் பேச்சித்தாய். பதினோரு வருடமாக அதே கோணிச் சாக்கு, அதே மூலை.

"அக்கா, நான் இங்கன கொஞ்ச நேரம் உக்காரலாமா?"

"செருப்பைக் களவாண்டுட்டுப் போக வந்தியா?"

"இல்லக்கா. எண்ண வந்தேன்."

பேச்சித்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்ச பிள்ளைகளுக்கு வேற சோலி இல்ல" என்று சாக்கில் ஓரமாக நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நாலு மணி முதல் ஏழு மணி வரை முன்னூற்றுப் பதினேழு ஜோடி வந்தது. ஜெசிந்தா ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டாள். விட்டுவிட்டுப் போகிறவர் திரும்பிப் பார்த்தால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. இருநூற்று மூன்று புள்ளி விழுந்தது.

"சாமியப் பாத்ததவிட என் மூஞ்சியத்தான் ஜாஸ்தி பாத்திருக்காக" என்றாள் பேச்சித்தாய்.

"நீங்க உள்ள போயிருக்கீங்களாக்கா?"

"ஒரே ஒரு தரம். திருவிழாவுக்கு மறுநாள், கூட்டமே இல்ல. சரி, போயிட்டு வந்திருவோம்னு போனேன்."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"என்னத்த வேண்ட? ஒரு செருப்பும் காணாமப் போயிரக் கூடாதுன்னுதான் வேண்டுனேன்."

சொல்லிவிட்டு அவளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஜெசிந்தாவும் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். நோட்டைப் புரட்டினாள். எழுந்து போய், அதன் பிறகு வந்தவர்கள் எந்த இடத்தில் திரும்பிப் பார்த்தார்கள் என்று நின்று நின்று பார்த்தாள். திரும்பிப் பார்த்த எல்லோருமே முதல் நாற்பது காலடிக்குள் பார்த்தார்கள். வெளிப் பிராகாரத்து மூலை தாண்டிய பிறகு ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் மங்கையர்க்கரசியின் அறைக்குப் போனாள்.

"மேடம், மூணாவது பார்வைக்கு நான் மாதிரி கொண்டு வரல. நீங்க அந்த நிலத்துக்கு வரணும். அஞ்சு மணிக்கு, ஷிப்ட் முடியற நேரம்."

"மாதிரி இல்லாம எதைப் பாக்கச் சொல்ற?"

"வந்து பாருங்க, மேடம்."

தன்னிடம் யாரும் அப்படிச் சொல்லி மங்கையர்க்கரசி கேட்டதில்லை. "சரி" என்றார்.

மூன்றாம் பார்வை நாள். இருபத்தேழு சென்ட்டுக்கு நடுவில் ஒரு வேப்பமரம் நின்றது. ஜெசிந்தா மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் பெரிய வளையம் ஒன்று போட்டிருந்தாள். அதுதான் சுவர். சுவரென்றால் ஆள் உயரம் இல்லை. உட்காரும் உயரம், ஒன்றரை அடி. வளையம் முழுவதும் இருக்கை. மேலே ஓட்டுக் கூரை வரும், நடுவில் மரத்துக்கு மட்டும் வானம் திறந்திருக்கும். கூடிப் பேசுவதும் அங்கேதான், பேசாமல் இருப்பதும் அங்கேதான்.

வளையத்தில் ஒரு துண்டை மட்டும் நிஜ அளவில் கட்டியிருந்தாள். செங்கல் நானூற்றுப் பன்னிரண்டு, சாந்து பூசாமல் அடுக்கியது. மேலே உட்கார ஒன்பது கடப்பைக் கல். ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒரு பொந்து. வெளிப்பக்கத்திலிருந்து செருப்பை உள்ளே தள்ளலாம். உள்பக்கம் செங்கல் இடைவெளி விட்டு அடைத்திருந்தது. எட்டிப் பார்த்தால் செருப்பு தெரியும், கை நுழையாது.

வகுப்பு முழுவதும் வந்திருந்தது. மங்கையர்க்கரசியோடு இன்னும் இரண்டு பேர் மதிப்பிட வந்திருந்தார்கள். ஒருவர் நம்பெருமாள், சென்னையில் பெரிய கட்டடங்கள் கட்டியவர். அவர் குனிந்து பொந்தைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"செருப்பு மேல உக்காந்து தியானமா? என்னம்மா கூத்து இது?"

ஜெசிந்தா பதில் சொல்வதற்குள் சங்கத் தலைவி குருவம்மா முந்திக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து கைகளைக் கழுவிக்கொண்டே வந்திருந்தாள்.

"ஐயா, பஸ்ஸுல போகையில செருப்பு எங்கன கெடக்கு? நம்ம சீட்டுக்குக் கீழதான? தலையிலயா வச்சிட்டுப் போறோம்?"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். நம்பெருமாளும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"எப்படிப் போகணும், சொல்லு" என்றார் மங்கையர்க்கரசி.

"வெளியிலேர்ந்து உங்க பொந்துல விடுங்க, மேடம். அப்புறம் வலப்பக்கமா நடங்க. உள்ள வர ஒரே வழிதான், அதோ அங்க. உள்ள வந்தும் அதே பக்கமா நடந்து, உங்க செருப்பு இருக்கிற கல்லுக்கு வந்து சேருங்க. வெளிய மணல். உள்ள தண்ணி தெளிச்ச செங்கல் தரை."

"எத்தனை காலடி?"

"தொண்ணூத்திரண்டு."

"முதல் பொந்துக்கா, கடைசிப் பொந்துக்கா?"

"எதுல விட்டாலும் தொண்ணூத்திரண்டு, மேடம். வெளிய கூட நடந்தா உள்ள குறையும். வெளிய குறைஞ்சா உள்ள கூடும்."

மங்கையர்க்கரசி நம்பவில்லை. செருப்பைக் காலில் வைத்துக்கொண்டே முதல் பொந்திலிருந்து ஒரு தரமும், எட்டாம் பொந்திலிருந்து ஒரு தரமும் எண்ணி நடந்தார். ஒரு தரம் தொண்ணூற்றிரண்டு. இன்னொரு தரம் தொண்ணூற்றொன்று.

"ஒண்ணு குறையுது."

"கடைசியில எட்டி வச்சிட்டீங்க, மேடம்."

ரோஷன் மூச்சை அடக்கிக்கொண்டான். மங்கையர்க்கரசி அடுத்த கேள்விக்குப் போனார்.

"முழுசாக் கட்டினா எத்தனை கல்லு?"

"அறுபத்தஞ்சு."

"பெண்கள் அறுபத்து நாலு. மறுபடியும் கணக்கு உதைக்குதே?"

"அறுபத்தஞ்சாவது சரிதான், மேடம். கொஞ்சம் பொறுங்க."

எட்டுப் பெண்கள் முன்வந்தார்கள். செருப்பை விட்டார்கள். மணலில் நடக்கும்போது பேச்சு இருந்தது. யாருடைய மாமியாரைப் பற்றியோ காரசாரமாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே திரும்பும் இடத்தில் பாதி நின்றது. ஈரச் செங்கல்லில் கால் பட்டதும் மீதியும் நின்றது. அவரவர் கல்லில் வந்து உட்கார்ந்தார்கள். குருவம்மா குனிந்து ஒரு தரம் கீழே பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

ஒன்பதாவது கல் காலியாக இருந்தது.

ஐந்து நாற்பதுக்கு ஆலை வேன் கிளம்ப வேண்டும். ஐந்து முப்பத்தெட்டுக்கே டிரைவர் சுடலைமணி இறங்கி வந்துவிட்டார். தினமும் ஹாரன் அடித்து அடித்து அந்த ஆலையில் அவருக்கு ஹாரன்மணி என்றே பேர்.

"யக்கா, நேரமாச்சு! என்ன இது, மரத்தைச் சுத்திப் பொம்மை மாதிரி உக்காந்திருக்கீக?"

"அண்ணே" என்றாள் ஜெசிந்தா. "ஒன்பதாவது உங்களுக்குத்தான்."

"எனக்கா?"

"செருப்பை இதுல விட்டுட்டு, இப்படிச் சுத்தி வாங்க."

சுடலைமணி எட்டுப் பெண்களையும் பார்த்தார். வேனைப் பார்த்தார். எங்கே போனாலும் வெளியே நின்றே பழகியவர். செருப்பை விட்டார். நடந்தார். முதலில் வேகமாகத்தான் நடந்தார். மணலில் வேகம் குறைந்தது. உள்ளே வந்து ஒன்பதாவது கல்லில் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்து நாற்பது ஆனது.

ஹாரன் அடிக்க ஆள் இல்லை.

வேப்பம்பழம் ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. நம்பெருமாள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். முப்பத்தேழு மாணவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அத்தனை பேர் ஓர் இடத்தில் சத்தமில்லாமல் நின்றதைக் கல்லூரி ஐந்து வருடத்தில் கண்டதில்லை.

பதினோரு நிமிடம் கழித்து சுடலைமணி திடுக்கிட்டு எழுந்தார்.

"அட, என்ன இது! யாராவது ஹாரன் அடிச்சிருக்கக் கூடாதா?"

வளையம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. குருவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். "ஏ பிள்ள, இதத்தான் கட்டுதோம். அறுபத்தஞ்சு கல்லு. ஒண்ணு குறையக் கூடாது" என்றாள். வேனில் ஏறும்வரை பெண்கள் கை தட்டினார்கள். நம்பெருமாளும் மற்றவரும் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். ரோஷன் ஜெசிந்தாவின் பையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஆடினான்.

மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

எல்லோரும் வாசல் பக்கம் நகர்ந்த பிறகு மங்கையர்க்கரசி தனியாகத் திரும்பி வந்தார். வளையத்தைச் சுற்றி மெல்ல நடந்தார். உள்ளே போய் உட்கார்ந்தார். ஜெசிந்தா தூரத்திலேயே நின்றாள். எண்ணவில்லை. எவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டபோதும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மங்கையர்க்கரசி எழுந்தார். நேராக ஸ்கூட்டருக்குப் போனார். சாவியைப் போட்டார்.

ஜெசிந்தா வளையத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கண்ணில் பட்டது. ஓடிப் போய்க் குனிந்து எடுத்தாள். ஒரு கையில் தாளும் மறு கையில் அதுவுமாக ஓடி வந்தாள்.

"மேடம்! உங்க கட்டம் மட்டும் காலியா இருக்கு."

மங்கையர்க்கரசி தாளை வாங்கி ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். திருப்பிக் கொடுத்தார்.

ஜெசிந்தா தாளைப் பார்க்கவில்லை. மறு கையை நீட்டினாள். பழுப்பு நிறச் செருப்பு ஒரு ஜோடி, இடது வாரில் நீல நூல்.

மங்கையர்க்கரசி செருப்பைப் பார்த்தார். குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். அந்த வருடத்தில் இரண்டாம் முறையாகச் சிரித்தார்.

"எங்க விட்டேன்?" என்று கேட்டார்.