குழம்பில் ஒரு சுவர்

சைவ விடுதியில் பலாக்காய்க் குழம்பை ஒரு வாய் வைத்ததுமே வார்டன் திலகவதி குதித்தார். "இது ஆட்டுக்கறி! இல்லைன்னு நிரூபி, இல்லாட்டி மூட்டையைக் கட்டு!"

சமையல்கார வேலாத்தாளுக்கு அழுகைதான் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த தாவரவியல் மாணவி அஞ்சுகம் எழுந்தாள். ஒரு துண்டைக் கழுவி, இருவரையும் கல்லூரி லேபுக்கு அழைத்துப்போய், அதை மெல்லிசாகச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

"பாருங்க மேடம். என்ன தெரியுது?"

"செங்கல் அடுக்கின மாதிரி, செல்லுக்குச் செல் சுவர்."

"ஆட்டு செல்லுக்குச் சுவர் உண்டுங்களா?"

"கிடையாது. மெல்லிய சவ்வு மட்டும்தான்!" விலங்கியல் பேராசிரியையான வார்டன் சட்டென்று பாடம் எடுத்தார்.

"அப்ப இந்த ஆட்டுக்கு மட்டும் சுவர் கட்டினது யாருங்க மேடம்?"

வார்டன் இன்னொரு தரம் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். வேலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்ரோஸ்கோப் முன்னால் வந்து கைகூப்பினாள்.

"என்ற பொழப்பைக் காப்பாத்துன செவுரு எது அம்மணி? ஒருக்கா கும்புட்டுக்கறேன்."