நாலாவது உறக்கம்

உடுமலைக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கிற கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே குருவுக்கு வயது முப்பத்துமூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குருவின் பெயர் கோகிலவாணி. பத்து வருசமாகப் புழு வளர்க்கிறவள். சீடர் சென்னியப்பன், பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

தென்னைக்கும் மாட்டுக்கும் நடுவே ஓடியாடித் திரிந்த மனிதர், ஒரு நாள் கட்டிலில் படுத்தார். நாலு மாசம் எழவில்லை. காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, யாரோடும் சண்டையும் இல்லை. ஏன் இப்படிக் கிடக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவரிடமே பதில் இல்லை. ஒரு நாள் விடிகாலையில் கிணற்று மேட்டில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தவரை அவர் மனைவி துளசிமணி கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பிடித்த கையை விடாமல் மறுநாளே பஸ் ஏற்றி, மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரத்தில் எழுந்து நடமாடினார். பேத்தி சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"சும்மா உக்காந்திருந்தா மறுபடியும் செவுத்தையே பாத்துட்டு இருப்பாரு. ஏதாச்சும் பழக்கி விடு கண்ணு" என்று துளசிமணி அவரைக் கோகிலவாணியிடம் விட்டுப் போனாள்.

கொட்டகைக்குள் நுழைய ஒரு முறை உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உள்ளே போட்டிருக்கும் வேறு செருப்பில் ஏற வேண்டும். சென்னியப்பன் முதல் வாரம் முழுக்க அதை மட்டும்தான் கற்றுக்கொண்டார்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை மல்பெரித் தழையை நறுக்கிக்கொண்டிருந்தவர் ஏழாவது தடவையாகக் கொட்டாவி விட்டார்.

"போதுமுங்ணா. பாத்துட்டுப் புழுவும் விடப்போகுது" என்றாள் கோகிலவாணி.

"மாத்திரை அம்மிணி. வெடியால போட்டா மத்தியானம் வரைக்கும் கண்ணு சொக்குது. வாய் ஓலையாட்டக் காயுது. வயித்தை வேற பெரட்டுது."

"டாக்டருகிட்டச் சொன்னீங்களா?"

"அவரு அத்தனை படிச்சவரு. அவருக்குத் தெரியாதுங்களா?"

கோகிலவாணி அடுக்கில் புழுக்கள் கிடக்கிற படுக்கையிலிருந்து ஒரு புழுவைத் தழையோடு எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அது சோர்ந்திருந்தது.

"இதுக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

சென்னியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தெரியலீங்க அம்மிணி."

"எனக்கும் தெரியலீங்ணா. நாளெல்லாம் குனிஞ்சு நின்னு, திங்குதா, கழியுதா, நெறம் மாறுதான்னு பாத்து, ஒரு குத்துமதிப்பாக் கண்டுபுடிக்கோணும். இது வாயில்லாத சீவன்." புழுவைத் திரும்ப வைத்தாள். "உங்களுக்கு வாய் இருக்குதுன்னு நெனச்சிருந்தேன்."

அவர் மறுநாள் துளசிமணியோடு பஸ் ஏறினார்.

வியாழக்கிழமை திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"ராத்திரிச் சோத்துக்கு அப்பறமா மாத்தி எழுதிக் குடுத்துட்டாருங்க. வெறும் வயித்துல போட வேண்டாம்னாரு. தண்ணியை அப்பப்ப ஒரு மடக்குக் குடிக்கச் சொன்னாரு. போகப் போகக் கொறஞ்சிருமாம், கொறையலீன்னா மறுபடி வரச் சொன்னாரு. மொத வாரமே சொல்லியிருந்தா இத்தனை வாரம் தூங்கி வழிஞ்சிருக்க வேண்டாமேன்னு சத்தம் போட்டாரு."

"வேறெதும் கேட்டாருங்களா?"

சென்னியப்பன் தழைக்கட்டை அவிழ்த்தார். அதற்கு இத்தனை நேரம் பிடிக்காது.

"குடிக்கற பழக்கம் இருக்குதான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"இல்லீன்னேன்."

கோகிலவாணி கத்தியை எடுத்துத் தழையை நறுக்கத் தொடங்கினாள். சென்னியப்பனுக்குத்தான் தாங்கவில்லை.

"பழக்கம்னா என்னுங்க? நான் என்ன தெனமுமா குடிக்கறேன்? விசேசம்னா ரெண்டு, மழை பேஞ்சா ஒண்ணு. அதுவும் இந்த ஆறு மாசமாத் தொடலை. பக்கத்துல துளசி உக்காந்திருக்கறா, மருந்து குடுக்கற புள்ளை வேற நம்ம ஆறுச்சாமி மச்சானுக்குச் சொந்தம். அங்க வெச்சு எப்படிச் சொல்றது?"

பிறகுதான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஆறுச்சாமியின் பேரனுக்குக் காதுகுத்து. இரண்டு கிடா வெட்டுகிறார்கள். பந்திக்கு முன்னால் ஆம்பளைகளெல்லாம் தென்னந்தோப்புக்குள் போவார்கள். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுப்பது வழக்கமாகச் சென்னியப்பன் கைதான்.

"ஊத்திக் குடுக்கறவன் குடிக்கலீன்னா ஏன்னு கேப்பாங்க. மாத்திரைன்னு சொன்னா என்ன மாத்திரைம்பாங்க. அதைச் சொன்னேன்னு வைங்க, பொழுதுக்குள்ள சென்னியப்பனுக்குப் பைத்தியம்னு ஊரே பேசிரும்."

"செரி."

"அதனால ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கறேன். எனக்குத்தான் இப்ப நல்லாப் போச்சே? நாலு நாளாச் சிரிக்கறேன், பசியெடுக்குது. சனிக்கெழமை ராத்திரி மாத்திரையை மட்டும் நிறுத்திட்டு, ஞாயித்துக்கெழமை ஒரே ஒரு கிளாஸ் குடிச்சுட்டு, திங்கக்கெழமையிலிருந்து பழையபடி போட்டுக்கறேன். ஒரு கிளாஸ்தானுங்களே அம்மிணி. என்ன ஆயிரப்போகுது?"

கோகிலவாணி படுக்கையைப் பார்த்தபடி சொன்னாள்: "நாளன்னைக்கிப் புழு நாலாவது உறக்கத்துக்குப் போகுது."

மீதியையும் சொல்வாள் என்று சென்னியப்பன் காத்திருந்தார். மீதி இல்லை.

சனிக்கிழமை காலையில் அவர் உள்ளே வந்தபோது கொட்டகை வேறு இடம்போல இருந்தது. எந்நேரமும் ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோலக் கேட்கிற தின்னும் சத்தம் நின்றுபோயிருந்தது. ஆயிரக்கணக்கான புழுக்கள் தலையை அரை அங்குலம் தூக்கியபடி அப்படியே நின்றன. தோல் மங்கியிருந்தது. அவர் தலையிலிருந்த துண்டு கையில் வந்தது.

"போச்சுங்களா அம்மிணி, எல்லாமே?"

"தோல் உரிக்குதுங்ணா. நாலு தடவை உரிக்கும், இது கடைசி. தொடாதீங்க, அசைக்காதீங்க. பழைய தோலுக்குள்ள இருந்து அதுவே வரோணும்."

அவள் சுண்ணாம்புத் தூளைச் சல்லடையில் போட்டுப் படுக்கைமேல் மெல்லத் தட்டினாள். ஈரம் நிற்கக் கூடாதாம். ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

"நாளைக்கி வெடியால எங்க பாப்பாளுக்குத் தடுப்பூசி. நான் வர பத்தரை ஆயிரும். காதுகுத்துக்குப் போற வழியில இங்க ஏறிப் பாத்துட்டுப் போங்க. ஒண்ணு ரெண்டு முழிச்சிருக்கும். முழிச்சாலும், எல்லாம் முழிக்கற வரைக்கும் ஒத்தத் தழை போடக் கூடாது. அவ்வளவுதான் வேலை."

"இது ஒரு வேலைங்களா?" என்று சிரித்தார் சென்னியப்பன்.

அன்று இரவு சோற்றுக்குப் பின் துளசிமணி மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தண்ணீரைக் குடித்தார். மாத்திரை வெள்ளைச் சட்டையின் பைக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் கரைவேட்டியும் அந்த வெள்ளைச் சட்டையுமாகக் கொட்டகை வாசலில் நின்று, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை நனைத்தார்.

முதல் படுக்கையின் ஓரத்தில் முழித்திருந்தன. பளபளவென்று புதுத்தோல், பெரிய தலை. அந்தத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி எதையோ தேடின. எதைத் தேடுகின்றன என்று கேட்கவா வேண்டும்? தழைக்கட்டு மூலையில் ஈரச் சாக்குக்குள் இருந்தது.

அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி வந்து பார்த்தார். அவை இன்னும் தேடிக்கொண்டிருந்தன. ஒன்று அவர் நிற்கும் பக்கமாகவே தலையை நீட்டியது.

நாலு மாசம் பசியென்பதே தெரியாமல் கிடந்த மனிதர். பசியோடு எதையாவது பார்த்தால் அவரால் இருக்க முடியவில்லை. ஒரே ஒரு பிடி எடுத்து அந்த ஓரத்தில் மட்டும் பரப்பினார். தூறல் சத்தம் லேசாக ஆரம்பித்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது; காதுகுத்தை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கோகிலவாணி பத்தரைக்கு வந்தாள். சத்தத்தை வாசலிலேயே கேட்டுவிட்டாள். காலை நனைக்கும்போது அவசரப்படவில்லை.

"பசிக்குதுன்னு யாரு சொன்னா?"

"தலையைத் தூக்கித் தேடுச்சுங்க அம்மிணி."

"எத்தனை?"

"ஒரு இருபது, முப்பது இருக்கும்."

"அந்த ஓரத்துல மொத்தம் எத்தனை இருக்குதுங்க?"

அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அவள் தழையை ஒவ்வொன்றாக, கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதுபோல எடுத்தாள். அடியில் சுண்ணாம்பு கரைந்து சேறாகியிருந்தது. அந்த ஈரத்தில் முழிக்காத புழுக்கள் ஒட்டிக் கிடந்தன. முழித்தவை தின்கிற ஆசையில் அவற்றின் மேலேயே ஏறி நடந்திருந்தன. ஒன்று பாதித் தோலுக்கு வெளியே வந்து அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தது. முன்பாதி வெளுப்பு, பின்பாதி கறுப்பு. அது மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"இது இனி வந்துருமுங்களா?"

"வராதுங்ணா."

அவள் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒரு பிடிதானுங்களே..." என்று ஆரம்பித்தவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். எங்கோ கேட்ட பேச்சு மாதிரி இருந்தது.

கையில் இருந்தது கொஞ்ச நேரத்தில் அசைவை நிறுத்தியது. கோகிலவாணி அதற்குள் அந்த ஓரத்துச் சேற்றைச் சுரண்டி, புதுச் சுண்ணாம்பு தட்டி முடித்திருந்தாள். திட்டவில்லை. நடு அடுக்கில் வாலையும் தலையையும் உதறிப் புழுக்கள் ஒவ்வொன்றாகத் தோலை விட்டு வந்துகொண்டிருந்தன. வராதவையும் நிறைய இருந்தன.

சென்னியப்பன் இன்னொரு கையால் சட்டைப்பையைத் துழாவி, மாத்திரையை எடுத்துக் காட்டினார்.

"நேத்துப் போடலீங்க."

"எங்கிட்டக் காட்டி என்ன பண்றது? நான் புழு வளக்கறவ."

"நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"போயி?"

"இதையும் சொல்றேன். அன்னைக்கு இல்லீன்னு சொன்னதையும் சொல்றேன்."

"துளசியக்காளுகிட்ட?"

"அவகிட்ட இன்னைக்கே சொல்றேன்."

அப்போது அவர் செல்போன் அடித்தது. ஆறுச்சாமி. எடுக்காமலே விட்டார். மறுபடி அடித்தது. எடுத்ததும் தோப்புச் சத்தம் கொட்டகைக்குள் வந்தது.

"மாப்ள! எங்கய்யா போயிட்ட? எல்லாரும் உக்காந்தாச்சு, கறி வெந்தாச்சு, பாட்டல் ஒடைக்க ஆளைக் காணோம்! நாலு மாசம் படுத்தது போதாதா? எந்திரிச்சுட்டாருன்னு சொல்றாங்க, எந்திரிச்சவன் வர வேண்டாமா?"

சென்னியப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். உள்ளங்கையில் புழு. பக்கத்து அடுக்கில் முழித்த தலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"அம்மிணி, என்னன்னு சொல்லட்டும்?"

கோகிலவாணி படுக்கைமேல் குனிந்து, இன்னும் தலையைத் தூக்கியபடி உறங்குகிறவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னும் எல்லாம் முழிக்கலீன்னு சொல்லுங்ணா."