மேல்தட்டுப் பெட்டி

நாமக்கல்லில் பிரேக் பேட் விற்கிற குழந்தைவேல், கடைக்கு வந்த தெய்வானையை ஏற இறங்கப் பார்த்தார். குடும்பத்தோடு காரில் கொல்லிமலைக்குப் போகணும், நல்ல பேடா வேண்டும் என்றாள்.

"பொம்பளைக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்? இதை எடுத்துக்க. கம்பெனிப் பேடெல்லாம் இதுக்கிட்ட நிக்காது" என்று பெயரே இல்லாத ஒரு பெட்டியைத் தள்ளினார்.

வாசலில் அவருடைய கார் நின்றது. இவளுடையதும் அதே மாடல்தான். பின்சீட்டில் அவருடைய இரண்டு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அவ்வளவு நல்லதுங்களா? அப்ப இந்தப் புதுசை நீங்க மாட்டிக்கங்கண்ணா. உங்க வண்டியில இருக்கிற பழசைக் கழட்டி எனக்குக் குடுங்க. புதுசோட விலையே தர்றேன்."

கொழுத்த லாபம்தான். ஆனாலும் குழந்தைவேல் வாசலை ஒருமுறை பார்த்தார். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கம்பெனிப் பேடுகள் இருந்த மேல்தட்டுக்கு ஏணியைச் சாய்த்தார்.

"பார்த்து ஏறுங்கண்ணா" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள் தெய்வானை. "உங்களை நம்பி ரெண்டு பிள்ளைங்க இருக்குது. என்னை நம்பியும்தான்."