சந்தைக்குப் போய்வந்த நீர்க்காகம்

தாமரைக் குளத்து விரால் அந்த ஐப்பசி மழையில் முந்நூறு குஞ்சு பொரித்திருந்தது. செக்கச் சிவந்த குஞ்சுகள் ஒரே கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும். தாய் அடியிலேயே காவல் நிற்கும்.

குளக்கரைப் பட்டமரத்தில் ஒரு நீர்க்காகம் இருந்தது. பக்கத்து ஊர் மீன் சந்தைக் கூரையில் நாலு நாள் உட்கார்ந்துவிட்டு வந்ததிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை. சந்தையில் மீன் குவிந்தால் விலை இறங்குமாம், வாங்க ஆள் கூடுமாம். மீன் குறைந்தால் விலை ஏறுமாம், ஆள் கலைந்துவிடுமாம். யாரும் அதட்டாமலே எல்லாம் தானாக ஒரு நிலைக்கு வந்துவிடுமாம். குளமும் அப்படித்தானாம். மீன் பெருகினால் நீர்க்காகம் வரும், குறைந்தால் பறந்துவிடும். நடுவில் யாரும் குறுக்கே வரக் கூடாதாம்!

கெண்டைகள் வாயைப் பிளந்து கேட்டன. அந்த வாரமே கெண்டைகளில் பாதியைக் காணோம். மீதிப் பாதி, எல்லாம் சமநிலைக்காகத்தான் என்று தலையாட்டியது. அதுகளை என்ன சொல்ல, போங்கள்!

அடுத்து நீர்க்காகம் விரால் குஞ்சுகள்மேல் பாய்ந்தது. நாற்பது போயின. தாய்க்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. நேரே பட்டமரத்தடிக்கு வந்து தலையைத் தூக்கியது.

நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தபடி சொன்னது: "முந்நூறு இந்தக் குளத்துக்கு அதிகம்மா. ரெண்டு தங்கினால் சரியாகிவிடும்."

"நீ பார்த்த சந்தையில் மீன் எங்கே இருந்தது?" என்று கேட்டது விரால்.

"எங்கே இருக்கும்? கூடையில்தான்."

"கூடையில் கிடந்ததை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அதைத் தெரிந்துகொண்டு வந்து எனக்குப் பாடம் நடத்து. அதுவரை என் பிள்ளைகளில் ஒன்றைத் தொட்டுப் பார்!"

நீர்க்காகம் சிரித்தது. விரால் நேரே கெளுத்தியிடம் போயிற்று.

கெளுத்திக்கு முதுகிலும் இரண்டு பக்கமும் முள். நீர்க்காகம் அதைத் தொடாது. நமக்கெதற்கு வம்பு என்று அது சேற்றில் சுகமாகப் படுத்திருந்தது. நாங்களெல்லாம் தீர்ந்த பிறகு பசித்த அலகு உன் முள்ளுக்குப் பயப்படுமா என்று விரால் கேட்டது. கெளுத்திக்கு உறைத்தது. எழுந்து வந்து குஞ்சுகளின் நடுவில் முள்ளை விறைத்துக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை நீர்க்காகம் பாய்ந்து, கண்மண் தெரியாமல் அள்ளியது. முள் தொண்டையில் ஏறியது! தண்ணீரெல்லாம் கலங்க அடித்துப் புரண்டு, கெளுத்தியைக் கக்கிவிட்டுக் கரையேறியது.

"நீ குறுக்கே வந்துவிட்டாய். சமநிலை கெட்டுப் போச்சு!" என்று கரகரத்தது.

"ஒன்றும் கெடவில்லை," என்றது விரால். "மீன் குறைந்தால் போவேன் என்றாய். மீன் குத்தினாலும் போவாய். இதுவும் சமநிலைதான். கிளம்பு!"

நீர்க்காகம் தள்ளாடிப் பறந்தது. மிச்சமிருந்த இருநூற்று அறுபது குஞ்சுகளும் மேலே வந்து மூச்சு வாங்கின.

கூடையில் கிடப்பவரைக் கேட்காமல் சொல்லப்படும் சமநிலை, கூடையைத் தூக்குபவருக்கு மட்டுமே நல்லது. அதற்குத் தலையாட்டக் கூடாது.